லோனாம்மா அடுப்படி

மிளகாய் விலை ஏறினால் மாப்பிள்ளை வீட்டார் போலவும் இறங்கினால் பெண் வீட்டார் போலவும் நடக்கத் தெரிந்த ஊர் எங்கள் செவல்குளம். மாசி பிறந்துவிட்டால் ஊரைச் சுற்றியுள்ள களமெல்லாம் மிளகாய் காயும். யாரோ பெரிய மனிதர் வரப்போகிறார் என்று சிவப்புப் பட்டு விரித்துக் காத்திருப்பதுபோல் ஊர் இருக்கும். பஸ்ஸில் வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தும்மத் தொடங்கினால் ஸ்டாப் வந்துவிட்டது என்று அர்த்தம், கண்டக்டர் விசில் கொடுக்க வேண்டியதே இல்லை. அப்படி ஒரு மாசியில் எங்கள் ஊருக்கு சர்க்கஸ் வந்தது, சர்க்கஸோடு யானை வந்தது, யானைமேல் ஜிகினாச் சட்டை போட்டுக்கொண்டு இலோனா வந்தாள்.

ஹங்கேரி தேசத்துப் பெண், பார் ஆடுகிறவள், கூடாரத்தின் உச்சியில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவுகிறவள். விளம்பர ஊர்வலம் மண்டித் தெரு முனையில் திரும்பியபோது களத்தில் காய்ந்த மிளகாயைப் பார்த்தாள். அவள் பிறந்த கிராமத்தில், தீசா என்கிற ஆற்றங்கரையில், அறுப்புக் காலம் வந்தால் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மிளகாயை மாலை மாலையாகக் கோத்துத் தொங்கவிடுவார்களாம். யானை நிற்கும்வரை அவளுக்குப் பொறுமை இல்லை. குதித்தாள், ஒரு வற்றலை எடுத்துக் கடித்தாள், கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். தராசில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்த சுப்பையா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கஸ் அடுத்த ஊருக்குப் போனது, இலோனா போகவில்லை. சுப்பையாவின் அம்மா மட்டும் கொஞ்ச நாள் அழுதாள், பிறகு மருமகள் வைத்த கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அழுவதை நிறுத்திக்கொண்டாள்.

நாங்கள் அவளை லோனாம்மா என்றோம். லோனாம்மா எங்கள் மிளகாயில் அவள் ஊர்ச் சமையலைச் செய்தாள்: ஆட்டுக்கறியையும் வெங்காயத்தையும் சரிக்குச் சரி போட்டு அரை நாள் கொதிக்கவிடும் குயாஷ், புளித்த பாலாடை ஊற்றி இறக்கும் கோழி பாப்ரிகாஷ், மாவைக் கிள்ளிக் கிள்ளிக் கொதிநீரில் போடும் நோகெட்லி, கசகசாவை அரைத்து வெல்லத்தோடு உருட்டிச் சுடும் இனிப்பு. அந்தச் சமையலில் வளர்ந்தவள்தான் அவள் பேத்தி ராஜகனி. தாத்தாவின் கறுப்பு நிறம், பாட்டியின் பச்சைக் கண், இருவரிடமும் இல்லாத ஓயாத வாய். தேவசகாயம் அண்ணாச்சி நடத்திய ‘செவல் செய்தி’ வாரப் பத்திரிகையில் அவள் பிழை திருத்துகிறவளாக வேலை பார்த்தாள். அவள் கணவன் முனியராஜ் பஸ் ஸ்டாண்டு எதிரில் புரோட்டாக் கடை வைத்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து லோனாம்மா வீட்டில்தான் இருவரும் இருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை நகைக்கடை விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வராமல் போனதால் பத்திரிகையின் கடைசிப் பக்கம் வெறுமையாக நின்றது. “ஏதாவது எழுதிப் போடும்மா, வெள்ளையா விட்டா ஊர் சிரிக்கும்” என்றார் தேவசகாயம். ராஜகனி உட்கார்ந்த இடத்திலேயே பாட்டியின் குயாஷைப் பற்றி எழுதினாள். வெங்காயம் எந்த நிறத்துக்கு வர வேண்டும், மிளகாய்த்தூளைப் போடும்போது ஏன் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும், கறி வெந்துவிட்டது என்று மூக்கு எப்படிச் சொல்லும் என்றெல்லாம் எழுதி, ‘லோனாம்மா அடுப்படி’ என்று தலைப்பு வைத்தாள்.

அதை வாசித்தவர்களுக்கெல்லாம் வயிறு நிறைந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது வாசித்த செண்பகம் டீச்சர் அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. மண்டிக் கணக்கப்பிள்ளை வாசித்து முடித்து, இடுப்பு வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப்போனார். மறுநாள் டீக்கடையில்தான் விஷயம் வெளியே வந்தது.

“நேத்து மத்தியானம் சாப்பிட்டீங்களா?”

“இல்லையே. ஆனா சாப்பிட்ட மாதிரிதான் இருந்துச்சு. ஆட்டுக்கறி.”

“எனக்கும் ஆட்டுக்கறிதான். வெங்காயம் கொஞ்சம் தூக்கல்.”

“ஆமா, வெங்காயம் தூக்கல்தான்.”

இதற்கு மேல் அதைப்பற்றி யாரும் யோசிக்கவில்லை. தேவசகாயம் அச்சாபீஸுக்கு வந்ததும் ராஜகனியைக் கூப்பிட்டு, “அடுத்த வாரம் என்ன குழம்பு?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஊருக்கே விருந்து. மெதுவாக வாசிக்கிறவர்களுக்கு நன்றாக நிறைந்தது, அவசரமாக வாசிக்கிறவர்களுக்கு விக்கல் எடுத்தது, ருசியாக இருக்கிறதே என்று திரும்பத் திரும்ப வாசித்த மண்டிக் கணக்கப்பிள்ளைக்கு வயிறு உப்பி ஓமத்தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய இதழை எடுத்து வாசித்தாலும் நிறையும், ஆறின குழம்புபோல் இருக்கும், ஆனால் சில குழம்புகள் ஆறினால்தானே ருசி என்று சிலர் பழைய இதழ்களையே தேடினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் சர்க்கரைக்காரர்களிடம், கசகசா இனிப்பு வருகிற கடைசிப் பத்தியை மடித்து வைத்துவிட்டு வாசிக்கச் சொன்னார். சைவம் மட்டும் சாப்பிடும் பலசரக்குக்கடை ராமசுப்புவுக்காக அவர் மனைவி கறி, கோழி, மீன் என்று வருகிற சொற்களையெல்லாம் மையால் அழித்துக் கொடுத்தாள். அவர் மிச்சத்தை வாசித்து வெறும் உருளைக்கிழங்கும் சாறுமாகத் திருப்தியாகச் சாப்பிட்டு எழுந்தார், ஒருமுறை மட்டும் அவள் ஓரிடத்தை அழிக்க மறந்துவிட்டாள், அவர் அதை அவளிடம் சொல்லவில்லை. கிருத்திகை விரதம் இருக்கிறவர்கள் தலைப்பை மட்டும் வாசித்தால் தோஷமில்லை, அது பச்சைத் தண்ணீருக்குச் சமம் என்று கோயில் பட்டர் சொன்னார். நோன்பு நாளில் பாங்கு சொன்ன பிறகுதான் பத்திரிகையைப் பிரிக்க வேண்டும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னார். சர்ச் பாதிரியார் தவக்காலத்தில் சூப்பு வரைக்கும் வாசித்து நிறுத்திக்கொள்ளச் சொல்லி, தானும் அப்படியே செய்வதாகச் சொன்னார், அதை ஊர் அவ்வளவாக நம்பவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் பஜ்ஜித் தட்டுக்குப் பதிலாகப் பத்திரிகையை நீட்டினார்கள். கல்யாண வீட்டில் இலை வியாபாரிக்கும் பத்திரிகை போடுகிற பையனுக்கும் கைகலப்பு வரப்பார்த்தது.

ஒரே ஒரு குறைதான். வாசித்தவருக்குத்தான் நிறைந்தது, கேட்டவருக்கு நிறையவில்லை. டீக்கடையில் ஒருவர் உரக்க வாசிப்பார், சுற்றி நிற்கிறவர்கள் எச்சிலை விழுங்குவார்கள், வாசித்தவர் ஏப்பம் விடுவார், மற்றவர்கள் அவரை வெறுப்போடு பார்ப்பார்கள்.

இது பொறுக்காமல்தான் மண்டியில் மிளகாய்க் காம்பு கிள்ளும் பெண்கள் கிளம்பினார்கள். செண்பகம் டீச்சர் சாயங்காலங்களில் மூட்டை அடுக்கும் மண்டிக் கிட்டங்கியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதுவரை அங்கே வந்தது இரண்டு கிழவர்களும் ஒரு கோழியும். இப்போது கிள்ளும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள், மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள், வண்டிக்காரர்கள் மாட்டை வாசலில் கட்டிவிட்டு வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தவள் பேச்சியம்மா. புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவள். ஒருநாள் அவள் பத்திரிகையை மடியில் வைத்து, மிளகாய்க் காரம் ஏறின விரலை எழுத்தின்மேல் வைத்து, வெ, ங், கா, ய, ம் என்று கூட்டி, ‘வெங்காயம்’ என்று முழுசாகச் சொன்னாள். சொன்னதும் அவள் கண் கலங்கியது. சன்னமாக ஓர் ஏப்பம் வந்தது.

“ஒரு வார்த்தைதான் டீச்சர் வாசிச்சேன்” என்றாள். “ஒரு வார்த்தைக்கே இம்புட்டு இருக்கா?”

அந்த வருஷம் ஊரில் கைநாட்டு வைக்கிறவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆனால் எல்லோருக்கும் வயிறு நிறைந்தால் புரோட்டாக் கடைக்கு யார் வருவார்கள்? முனியராஜின் புரோட்டா சாதாரணப் புரோட்டா இல்லை. அவன் மாவை வீசினால் அது அந்தரத்தில் ஒரு நொடி நின்று, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு இறங்கும். அப்படிப்பட்ட கடையில் இப்போது ஈ கூட வரவில்லை. ஈக்களும் பத்திரிகைமேல்தான் உட்கார்ந்தன. அவன் பழக்கத்தை விடவில்லை. காலையில் மாவு பிசைந்தான், எண்ணெயில் ஊறவைத்தான், சாயங்காலம் கல்லைச் சூடாக்கினான், யாரும் வராமல் கல்லை ஆறவிட்டான்.

ராஜகனி ஒருநாள் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். “நிப்பாட்டிரட்டுமாங்க?” என்று கேட்டாள்.

“எதை?”

“எழுதுறதை.”

முனியராஜ் கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தான். “பேச்சியம்மா பிள்ளைக மூணும் வாசிக்கிதுக. ராத்திரி பட்டினியில்லாம தூங்குதுக. நிப்பாட்டாத.”

“அப்ப நம்ம கடை?”

“கடையை அப்புறம் பாப்போம். ஆனா ஒண்ணு, நான் மட்டும் வாசிக்க மாட்டேன். என் கல்லுல நான் போட்டதைத்தான் திம்பேன்.” துடைத்த துணியை உதறிப் போட்டுவிட்டு, “கோவத்துல சொல்லல” என்றான். அவன் கோபத்தில்தான் சொன்னான் என்பது அவளுக்குத் தெரிந்தது, கோபம் அவள்மேல் இல்லை என்பதும் தெரிந்தது. எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு புரோட்டாவைப் பிய்த்துத் தின்றார்கள். தெருவில் போகிறவர்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள்.

இந்தச் சமயத்தில்தான் லோனாம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ராஜகனி ஆஸ்பத்திரியில் பாட்டி பக்கத்தில் இருந்ததால் அந்த வாரம் பிழை திருத்த ஆளில்லை. ‘உப்பு ஒரு சிட்டிகை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘உப்பு ஒரு சட்டி’ என்று அச்சாகிவிட்டது. அன்று ஊர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம். குழாயடியில், கிணற்றடியில், பெட்டிக்கடை சோடா முன்னால், எங்கே பார்த்தாலும் வாயைத் திறந்துகொண்டு ஆட்கள். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி சாயங்காலத்துக்குள் காலி. பட்டர், ஹஜ்ரத், பாதிரியார் மூன்று பேரும் ஒரே இளநீர் வண்டியில் நின்றதை அன்றுதான் பார்த்தோம்.

காய்ச்சல் இறங்கியது. ஆனால் லோனாம்மாவின் நாக்கு செத்துப்போயிருந்தது. எதை வாயில் வைத்தாலும், “சுண்ணாம்பு மாதிரி இருக்கு” என்று துப்பினாள். ராஜகனி பாட்டியின் சமையல் ஒவ்வொன்றையும் செய்து கிண்ணத்தில் கொண்டுவந்து நின்றாள். எல்லாம் சுண்ணாம்பு. நீர்மோரும் குளுக்கோஸ் தண்ணீரும் மட்டும் இறங்கின. உச்சியில் ஊஞ்சல் ஆடிய உடம்பு நனைந்த குடையைப்போல் சுருங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் ராஜகனியைத் தனியாகக் கூப்பிட்டு, “வயிறு நல்லாத்தான் இருக்கு. அவங்களா சாப்பிட்டாத்தான் உண்டு. இப்படியே போனா ரொம்ப நாள் தாங்காது” என்றார்.

அன்று லோனாம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்ததும் ராஜகனி பத்திரிகையை எடுத்துவந்து பாட்டியின் கட்டிலருகே உட்கார்ந்து உரக்க வாசித்தாள். நடக்காது என்று தெரிந்தும் வாசித்தாள். ஊரில் உள்ள அத்தனை வயிறும் தன்னால் நிறையும்போது இந்த ஒரு வயிறு மட்டும் நிறையாமல் போனால், எழுதியதற்கே அர்த்தமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. லோனாம்மா கண்ணை மூடிக் கேட்டாள்.

“நல்லாத்தான் வாசிக்கிற கனி. ஆனா காது வழியா சோறு இறங்காது.”

பார்க்க வந்திருந்த பேச்சியம்மா கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். “லோனாம்மா, நீங்களும் படிச்சிருங்களேன்” என்றாள். “நானே படிச்சிட்டேன்.”

இத்தனை வருஷத்தில் லோனாம்மா தமிழில் பேசினாள், பேரம் பேசினாள், சண்டை போட்டாள், பக்கத்து வீட்டுக்காரியைத் தமிழிலேயே அழவைத்தாள், ஆனால் எழுத்துப் பக்கம் போனதே இல்லை. “உங்க எழுத்தெல்லாம் ஒண்ணை ஒண்ணு கட்டிப்பிடிச்சு உருளுது. எது தலை, எது காலுன்னே தெரியல” என்பாள். இப்போது ராஜகனியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “சரி. இவ என்னைப்பத்தி ஊர்ல என்னதான் சொல்லி வச்சிருக்கான்னு பாத்துட்டாவது போறேன்” என்றாள்.

மறுநாள் முனியராஜ் அவளைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனான். செண்பகம் டீச்சர் சிலேட்டில் அ போட்டுக் காட்டினாள். லோனாம்மாவுக்கு அது தெரியவில்லை. சாக்பீஸ் கோடெல்லாம் புகைபோல் தெரிந்தது. பலப்பத்தைக் கையில் கொடுத்தால், சர்க்கஸில் ஒடிந்து கோணலாக ஒட்டிக்கொண்ட விரல்களில் அது நிற்கவில்லை. மிளகாய்த் தூசியில் இருமல் வேறு வந்தது. “என்னை வீட்டுக்குக் கொண்டுபோ” என்றாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் முனியராஜின் கடை. கல் சூடாகியிருக்கும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவளை பெஞ்சில் உட்காரவைத்தான். யாரும் இல்லை. ஊறின மாவு உருண்டைகள் வரிசையாக இருந்தன. என்ன நினைத்தானோ, ஓர் உருண்டையை எடுத்து, வீசி, கயிறாகத் திரித்து, பலகைமேல் சுழித்து, வளைத்து, கோடிழுத்து விட்டான்.

“அப்பத்தா, இதைத் தொட்டுப் பாருங்க.”

லோனாம்மா தொட்டாள். எண்ணெய் வழவழப்பில் விரல் தானாக வழுக்கிக்கொண்டு சுழியைச் சுற்றி, வயிற்றைச் சுற்றி, கோட்டில் இறங்கி நின்றது. “யாரு இது?” என்றாள்.

“அ.”

மறுபடி தொட்டாள். “இதுதானா அ? இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் இத்தனை வருஷம் பயந்தேன்?”

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் கடைக்கு வந்தாள். முனியராஜ் எழுத்தை வீசுவான், அவள் விரலால் தடவுவாள், பேரைச் சொல்லுவாள், அவன் அதைக் கல்லில் போட்டுச் சிவக்க எடுப்பான். இ தலையைச் சாய்த்துத் தூங்குகிறது என்றாள். ஞவைப் பார்த்து, “இஷ்டெனெம்” என்று அவள் பாஷையில் கடவுளைக் கூப்பிட்டாள். ஃ வந்தபோது மூன்று சின்ன உருண்டைகளைப் பார்த்து நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள். “எழுத்துலயே இதுதான் யோக்கியமான எழுத்து. போண்டா மாதிரி மூணு பேரும் தனித்தனியா உக்காந்திருக்காங்க.”

சுட்ட எழுத்தை அவள் சாப்பிடவில்லை. ஆனால் பேச்சியம்மா வந்தாள், கிள்ளும் பெண்கள் வந்தார்கள், கிட்டங்கியைவிட இங்கே எழுத்து சீக்கிரம் மனசில் நிற்கிறது என்று செண்பகம் டீச்சர் வகுப்பையே கடைக்கு மாற்றிக்கொண்டாள். பத்திரிகை வாசித்து வயிறு நிறைந்த ஆட்கள்தான். ஆனாலும் கல்லில் ஒரு ழ மொறுமொறுவென்று சிவந்து, அதன்மேல் சால்னா ஊற்றி, ஆவி பறக்கக் கண்ணெதிரே இருந்தால் எத்தனை பேரால் சும்மா இருக்க முடியும்? முதலில் ஓரத்தைப் பிய்த்தார்கள். பிறகு ஆளுக்கு ஓர் எழுத்துக் கேட்டார்கள். பிறகு அவரவர் பேரையே கேட்டார்கள். வண்டிக்காரர் தன் மாட்டின் பேரைப் போடச் சொல்லி மாட்டுக்கே ஊட்டினார். பஸ் கண்டக்டர் ஒருவர் ஒரு பெண்ணின் பேரை ரகசியமாகச் சொல்லி ஆர்டர் கொடுக்க, அந்தத் தட்டு தவறிப்போய் அந்தப் பெண்ணின் அப்பாவிடமே போய்ச் சேர்ந்தது; அவர் மகள் பேரைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்த்தார், யோசித்தபடியே முழுசாகத் தின்று முடித்தார், வைகாசியில் கல்யாணம் நடந்தது. கடையில் மறுபடி நிற்க இடமில்லாமல் போனது. முனியராஜ் வேர்வையைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் உயிர்மெய் முழுவதையும் வீசினான்.

கூட்டத்தின் நடுவே லோனாம்மா மட்டும் நீர்மோர் குடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மெலிந்து, எழுத்துக்களைத் தடவிக்கொண்டிருந்தாள். ராஜகனி அச்சாபீஸிலிருந்து வந்து அவள் முதுகைத் தாங்கி உட்கார்ந்துகொள்வாள். முதுகெலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டும்போது, எல்லா எழுத்தும் முடிவதற்குள் பாட்டி முடிந்துவிடுவாளோ என்று பயந்தாள். ஊர் கும்மாளமாக இருந்ததால் பயத்தை வெளியே காட்டவும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கடைசியாக ன் முடிந்த அன்று லோனாம்மா, “இனிமே தாளைக் குடு” என்றாள்.

அது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அந்த வாரம் கோழி பாப்ரிகாஷ். ராஜகனி அதைப் பாட்டிக்காகவே எழுதியிருந்தாள், ஒவ்வொரு வரியையும் வாயில் போட்டுப் பார்ப்பதுபோல் எழுதியிருந்தாள், தேவசகாயம் அதற்காகவே இருப்பதில் பெரிய எழுத்தை எடுத்து அச்சுக் கோத்திருந்தார். அவரும் கடைக்கு வந்துவிட்டார். மண்டியில் தராசு நின்றது. முனியராஜ் கல்லின் சூட்டைக் குறைத்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

லோனாம்மா தாளின்மேல் விரலை வைத்து, மாவைத் தடவுவதுபோலவே அச்சில் அழுந்தின எழுத்தைத் தடவி, வாசிக்கத் தொடங்கினாள். ‘லோ’ என்றாள். ‘னா’ என்றாள். “இது நானு” என்று நிமிர்ந்து பார்த்துச் சொல்லிவிட்டுக் குனிந்தாள். வெயில் பெஞ்சிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போனது, தெருவிலிருந்து எதிர்ச் சுவரில் ஏறியது. அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். கோழியைத் துண்டு போட்டாள், வெங்காயத்தை வதக்கினாள், சட்டியை இறக்கி மிளகாய்த்தூளைப் போட்டாள், புளித்த பாலாடையைத் திரியாமல் ஊற்றினாள். கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் எச்சிலை விழுங்கினோம். கடைசி வரிக்கு வந்தாள். ‘கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி இறக்கவும்’ என்று கூட்டி வாசித்தாள்.

ஏப்பம் வருமா என்று ஊர் முழுவதும் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏப்பம் வரவில்லை. அவள் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, காலி மண்ணெண்ணெய்ப் பீப்பாயைத் தெருவில் உருட்டிக்கொண்டு போவதுபோல்.

“யாரு இதை எழுதினது?” என்றாள் லோனாம்மா.

“நான்தான் அப்பத்தா.”

“நான் எப்பக் கறிவேப்பிலை போட்டேன்?”

ராஜகனி குனிந்து அந்த வரியைப் பார்த்தாள். எழுதும்போது கை தானாகப் போட்டுவிட்டிருந்தது.

“உங்க தாத்தாவோட அம்மா, அந்த மகராசி, நான் இறக்கி வச்சப்புறம் எனக்குத் தெரியாம தாளிச்சுக் கொட்டுவா. அதைப் பாத்துட்டு என் கணக்குல எழுதியிருக்க.”

“ஊரே இதைத்தான் சாப்பிட்டுச்சு, அப்பத்தா. எல்லாரும் நல்லாயிருக்குன்னாங்க.”

“அப்ப ஊரே தப்பாச் சாப்பிட்டிருக்கு.” லோனாம்மா தாளை மடித்து பெஞ்சில் வைத்தாள். அவள் கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. “எனக்குக் கோவத்துல பசிக்குது. முனியராஜ், என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற?”

அவன் வீசின புரோட்டா அந்தரத்தில் யோசிக்காமல் நேராகக் கல்லில் விழுந்தது. எழுத்தும் இல்லை, பேரும் இல்லை, வெறும் வட்டம். லோனாம்மா முதல் வாயைப் போட்டதும் நாங்கள் சுண்ணாம்பு என்று துப்புவாள் என்று பின்வாங்கி நின்றோம். அவள் மென்றாள். விழுங்கினாள். “சால்னா ஊத்து” என்றாள். அதைத் தின்றாள், இன்னொன்று தின்றாள், ராஜகனியின் தட்டில் இருந்ததையும் எடுத்துத் தின்றாள். தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரு கோழி கொண்டுவரச் சொன்னாள். பேச்சியம்மா கோழி பிடிக்க ஓடினாள். தராசு பிடிக்கிறவர்கள் வெங்காயம் உரித்தார்கள். ராஜகனியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே லோனாம்மா புரோட்டாக் கல்லில் பெரிய சட்டியை ஏற்றினாள், இறக்கினாள், மிளகாய்த்தூளைக் கையால் அள்ளிப் போட்டாள், பாலாடை ஊற்றினாள். கறிவேப்பிலைக் கொத்தோடு கிட்டே வந்த ஒருவரைக் கரண்டியால் விரட்டினாள். அன்று நாங்கள் எல்லோரும் வயிறு நிறைந்தவர்கள்தான், காலையிலேயே வாசித்து முடித்தவர்கள்தான். இருந்தும் தட்டை ஏந்தி வரிசையில் நின்றோம்.

மறுநாள் அவள் அச்சாபீஸுக்குப் போய், தேவசகாயத்தின் மேஜைமேல் இருந்த வெள்ளைத் தாளில் மாவு ஒட்டின விரலால் ஒன்றை எழுதிக் கொடுத்தாள். பேனா அவள் விரலில் நிற்காது, மாவு நின்றது. அடுத்த வியாழக்கிழமை கடைசிப் பக்கத்தில், ராஜகனியின் சமையலுக்குக் கீழே, சின்னக் கட்டம் கட்டி அது வந்தது:

‘கறிவேப்பிலை கிடையாது. இலோனா.’

காலையில் அதை வாசித்த ஒவ்வொருவர் நாக்கிலிருந்தும் கறிவேப்பிலை வாசனை எழுந்து போனது. சிலர் போகட்டும் என்றார்கள். சிலர், அது இல்லாமல் என்ன குழம்பு என்று ஆத்திரப்பட்டு, எழுதக் கற்றிருந்த தைரியத்தில் பத்திரிகைக்கு எழுதிப் போட்டார்கள். பேச்சியம்மா முதல் ஆள். லோனாம்மா ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள். இப்போதும் அந்தச் சண்டை முடியவில்லை, கடைசிப் பக்கம் போதாமல் தேவசகாயம் பக்கத்தைக் கூட்டியிருக்கிறார், காலையில் பேத்தி எழுதியதையும் பாட்டி மறுத்ததையும் சேர்த்து வாசித்துவிட்டு ஊர் மூச்சுவிட முடியாமல் நடக்கிறது.

ராஜகனியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் நிறைத்த அவள் எழுத்து அவளுக்கு மட்டும் ஒருநாளும் நிறைத்ததில்லை. எத்தனை முறை பிழை திருத்தினாலும் அவளுக்கு அது வெறும் மை. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அந்த வியாழக்கிழமை அச்சாபீஸ் வாசலில் நின்று, மை காயாத தாளில், பாட்டி எழுதிய அந்த வரியை வாசித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் கடைக்கு வந்தபோது முனியராஜ் தட்டை எடுத்தான். “உக்காரு, சூடா ஒண்ணு போடுறேன்.”

“வேணாங்க” என்றாள் ராஜகனி. “அப்பத்தா போட்டுட்டாங்க.”